அடுப்புக்குள் போன எல்லைக் கட்டை

மக்காள், அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் முதலில் எனக்கு மூக்கில்தான் ஏறுகிறது. ஈரக் கட்டை எரிகிற புகை.

ஜும்ஆ முடிந்து வந்து நாங்கள் ஐந்தாறு ஆம்பிளைகள் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் நின்றோம். என் கையில் நான் வேலை செய்த புடவைக் கடையிலிருந்து கொண்டுவந்த, துணி அளக்கிற யார்க்கோல். எதிர்வீட்டு ஆதம்பாவா காக்காவின் கையில் கொட்டாப்புளி. நான் அளந்து காட்ட, அவர் கட்டையை அடித்து இறுக்கிக்கொண்டு வந்தார். புதிதாக வரப்போகும் பாதைக்கு எல்லை வைக்கிறோம் என்று எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை.

கடைசிக் கட்டை விழுந்த இடம் எங்கள் குசினியின் வாசற்படி.

உள்ளே மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. உங்கள் உம்மா நஸீறா அகப்பையோடு வெளியே வந்தாள். கட்டையைப் பார்த்தாள். எங்களைப் பார்க்கவில்லை. குனிந்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பிடுங்கினாள். சேற்றைச் சுவரில் தட்டினாள். உள்ளே போய் அடுப்புக்குள் வைத்தாள்.

"நஸீறா, அது றோட்டுக்கு வெச்ச கட்டை" என்றார் ஆதம்பாவா காக்கா, மெதுவாக.

"ஓம் காக்கா. காஞ்ச கட்டையா வெச்சிரிந்தீங்கெண்டா நல்லா எரிஞ்சிருக்கும்."

அவ்வளவுதான். புகை கிளம்பி எங்கள் கண்ணில் அடித்தது. முகைதீன் மச்சான் இருமுகிற மாதிரி சிரித்தார். நான் யார்க்கோலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டை ஏன் அங்கே வந்தது, உம்மா ஏன் பிடுங்கினாள் என்று சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

தவளைக் கொலனி

இப்போது கல்முனை பஸாரில் ஓட்டோவில் ஏறி 'புதுநகர்' என்றால் வாசலில் கொண்டுவந்து விடுகிறார்கள். சந்தியில் பாமஸி இருக்கிறது. பள்ளிவாசலுக்கு மேல்மாடி வந்துவிட்டது. பின்னேரமானால் ரியூசன் விட்டு வரும் பிள்ளைகளின் சைக்கிள் மணிச்சத்தம். நீங்கள் வளர்ந்தது இதற்குள்தான். அதனால் இது எப்போதும் இப்படியே இருந்தது என்று நினைத்திருப்பீர்கள்.

இது வயல். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை, நெல் விளைந்த வட்டை. மேற்கே பார்த்தால் நற்பிட்டிமுனைப் பக்கம் வரைக்கும் பச்சை. கிழக்கே பார்த்தால் ஊரின் முதுகு.

சுனாமியாகக் கடல் வந்த கதையை, உங்களுக்கு வாராவாரம் எழுதுகிறதில் முன்னொரு வாரம் எழுதிவிட்டேன். திரும்ப எழுத மனம் இல்லை. கடற்கரையில் இருந்த நம் வீடு போனது. உயிர்கள் மிஞ்சின, அல்ஹம்துலில்லாஹ். அதன் பிறகு கூடாரக் கொட்டிலில் இருந்தோம். கடலைப் பார்க்காத இடமாக ஒன்று வேண்டும் என்று உம்மா சொன்னாள். அப்படிச் சொன்ன குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து இந்த வயலில் துண்டு துண்டாக வாங்கினோம்.

ஊருக்குள் ஏன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். ஊருக்குள் ஊசி குத்த இடமில்லை. எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகளுக்கு ஒரு வீடு கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்துவிடுவான். மூன்று மகள் இருந்தால் வீடு நிற்கிற வளவு மூன்றாகும். அந்த மூன்று பேருக்கும் மகள்கள் பிறந்தால் வளவு முற்றமாகும், முற்றம் ஒழுங்கையாகும், ஒழுங்கை இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரில் ஒட்டி நிற்கிற சந்தாகும். எங்கள் ஊர்கள் பெருத்ததே பொம்பிளைப் பிள்ளைகளால்தான்.

இந்த வழக்கம் சரியா பிழையா என்று இப்போது பள்ளிவாசலில் பெரிய பெரிய பயான் பிரசங்கம் நடக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான், அதற்குள் போகவில்லை. நானும் பெட்டியோடு வந்த மாப்பிள்ளைதான்.

முதல் மாரியில் நிரவிய மண்ணுக்கு மேலே தண்ணீர் நின்றது. பொழுதுபட்டு மஃரிபோடு தவளைகள் தொடங்கினால் விடிகாலை சுபஹுக்குத்தான் ஓயும். பஸாரில் என்னோடு வேலை செய்தவர்கள் கேட்பார்கள்: "என்ன தம்பி, தவளைக் கொலனியில நித்திரை எப்புடி?" அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கடிதம் கொண்டுவருகிறவர்கூட அப்படித்தான் சொன்னார்.

முதல் லோட் மண்

உள்ளே வர வழி ஒன்றும் இல்லை. பழைய வயல் வரம்புதான் பாதை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வரலாம். மழை பெய்தால் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு வரலாம்.

நம் வளவுக்கு முதல் லோட் மண் கொண்டுவந்த உழவு மிசின், வரம்போரத்தில் புதைந்தது. சாரதி உள்ளே வரவே மாட்டேன் என்று அங்கேயே கொட்டிவிட்டுப் போனான். ஆகவே முழு வளவிலும் காய்ந்த மண் இருந்த ஒரே இடம் அந்த வரம்போரம்.

"இஞ்சதான் குசினி" என்றாள் உம்மா.

"முதல்ல ஊட்டக் கட்டுவம் நஸீறா. குசினிய பொறகு பின்னுக்குக் கட்டலாம்."

"ஊடு எப்ப வந்தாலும் வரட்டும். எனக்கு அடுப்பு வேணும்."

கொட்டிலில் இருந்த காலத்தில் சமைத்த சோறு லொறியில் வரும். வரிசையில் நின்று வாங்க வேண்டும். கொண்டுவந்து தந்தவர்கள் நல்ல மனிதர்கள், அவர்களுக்கு அல்லாஹ் நன்மை கொடுக்கட்டும். ஆனால் உம்மா அந்த வரிசையில் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் மூத்தவள், நீதான் மகள், "உம்மா, நம்மட சோறு எப்ப?" என்று கேட்டாய். உனக்கு ஞாபகம் இராது. உம்மாவுக்கு இருக்கிறது.

அதனால் வீட்டுக்கு முந்தி குசினி எழுந்தது. கல்லுச் சுவர், தகரக் கூரை, புகை போக ஓட்டை. அந்த வட்டையில் கல்லால் எழும்பிய முதல் சுவர் அது. மற்ற வீட்டுப் பெண்கள் எல்லாம் மழைக்கு அங்கேதான் வந்து ஒதுங்குவார்கள். தங்கள் அரிசியையும் அங்கேயே வடித்துக்கொண்டு போவார்கள்.

தம்பி, நீ பிறந்த மாரியில் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, கதிரையில் இருத்தி, நாங்கள் நான்கு பேர் வரம்பால் தூக்கிக்கொண்டு போனோம். என் கால் ஒரு தடவை சறுக்கியது. உம்மா வலியிலும், "என்னப் போட்டாலும் பறவால்ல, கதிர ஹாஜறா ராத்தாட, ஒடச்சிப் போடாதங்க" என்றாள்.

ஹாஜறா ராத்தா, எதிர் வளவு. ஆதம்பாவா காக்காவின் மனைவி. அவர்களுடைய மகள் றிஸானாவுக்குத்தான் எங்கள் குடியிருப்பில் முதல் கலியாணம் பேசி வந்தது.

செருப்பைத் தின்ற சேறு

மாப்பிள்ளை நிந்தவூர். நௌஷாத் என்று பெயர். போன் திருத்துகிற கடை ஒன்றில் வேலை. வீடு பார்க்க அவருடைய உம்மா வந்தார்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வருகிறார்கள் என்றால் அது சும்மா வருகை இல்லை. தன் மகன் காலமெல்லாம் இருக்கப்போகிற இடத்தை ஒரு தாய் பார்க்க வருகிறாள். கிணற்றை எட்டிப் பார்ப்பாள். கதவைத் திறந்து மூடிப் பார்ப்பாள்.

ஓட்டோ பெரிய வீதியிலேயே நின்றுவிட்டது. அந்த மாமி வரம்பால் நடந்து வந்தார். பாதி வழியில் சேறு ஒரு செருப்பை வாங்கிக்கொண்டது. மற்றச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து ஹாஜறா ராத்தா வீட்டில் ஏறினார். கால் கழுவத் தண்ணீர் ஊற்றியது உங்கள் உம்மா.

எல்லாம் பார்த்து முடித்து, பிளேன்ரி குடித்து, எழும்பும்போது சொன்னார்:

"ஊடு நல்ல வடிவா இரிக்கி. புள்ளயும் நல்ல புள்ள. ஒரு குறையும் இல்ல. வழி ஒண்டுதான் இல்ல. என்ட மகன் வந்து இரிக்கப்போற இடத்துக்கு ஒரு வழி வேணும் ராத்தா. நோன்புக்கு முந்திப் போட்டீங்கெண்டா கலியாணத்தையும் நோன்புக்கு முந்தி வெப்பம்."

போடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எங்கள் எல்லோர் வீட்டிலும் பொம்பிளைப் பிள்ளைகள் இருந்தார்கள். றிஸானாவுக்கு மாப்பிள்ளை வராத இடத்துக்கு வேறு யாருக்கு வரப்போகிறான்?

கொட்டிலில் தீர்மானம்

அப்போது பள்ளிவாசல் இல்லை, கிடுகு வேய்ந்த தொழுகைக் கொட்டில்தான். அஸர் தொழுதுவிட்டு ஆம்பிளைகள் கூடினோம். வரம்பின் இரண்டு பக்கமும் எல்லா வளவும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வேன் வருகிற பாதை வந்துவிடும். மாநகர சபையில் கேட்டால் கிறவல் மண் போட்டுத் தருவார்கள்.

"நான் என்ட வளவில விடுறன்" என்றார் ஆதம்பாவா காக்கா.

"நான் என்ட பக்கத்தில விடுறன்" என்றார் முகைதீன் மச்சான்.

நானும் சொன்னேன். எல்லோரும் சொன்னார்கள். ஸலவாத் ஓதி முடித்தோம். இவ்வளவு ஒற்றுமையாக ஒரு கூட்டம் நான் பார்த்ததே இல்லை. ஒரு வாய்த்தர்க்கம் வரவில்லை. அப்போதே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிதான் கட்டை அடித்தது. நம் வளவும் எதிர் வளவும் நேருக்கு நேர் நெருங்குகிற இடத்தில் குசினி பாதைக்கு நடுவில் நின்றது. பாதையை எதிர்ப் பக்கம் தள்ளினால் றிஸானாவுக்கென்று கட்டிய முன்னறை போகும். இந்தப் பக்கம் தள்ளினால் நம் குசினி போகும். மாப்பிள்ளைக்கென்று கட்டிய அறையை இடித்துவிட்டு மாப்பிள்ளை வரப் பாதை போட முடியாது. ஆகவே குசினி. எனக்கு அது அவ்வளவு சுகமான கணக்காகத் தெரிந்தது.

பிறகு நடந்ததுதான் தொடக்கத்தில் எழுதியது.

அன்று பின்னேரம் சோறு போடும்போது உம்மா கேட்டாள்.

"இது ஆருட வளவு?"

"நம்மட வளவு."

"நம்மடயா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். போன வீடு அவளுடைய வாப்பா அவளுக்குக் கொடுத்த சீதனம். இந்தக் காணி அவளுடைய தாலிக்கொடியையும் காப்பையும் விற்று வாங்கியது. காணி உறுதிப் பத்திரம் அவள் பேரில்.

அடுத்த கிழமை சபையிலிருந்து வேலைகளைப் பார்க்கிற அலுவலர் வந்தார். எல்லோரும் அவரை 'ரீ.ஓ.' என்பார்கள். காரைதீவுக்காரர், நல்ல மனிதர். காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வரம்பால் நடந்து வந்து பார்த்தார்.

"செய்யலாம். காணிச் சொந்தக்காரர் எல்லாரும் வந்து சம்மதம் எண்டு ஒரு கையெழுத்து வெச்சாப் போதும். ஆரார் சொந்தக்காரர்? இப்பிடி முன்னுக்கு வாங்க."

ஒருவரும் அசையவில்லை.

"என்ன, ஒருத்தரும் இல்லையா?"

ஆதம்பாவா காக்கா தொண்டையைச் செருமினார். "எங்கட ஊட்டாக்கள்ர பேரில இரிக்கி சேர்."

"உங்களுக்கு?"

"எனக்கும் ஊட்டாக்கள்ர பேரில" என்றேன் நான்.

"எனக்கு மாமிர பேரில" என்றார் முகைதீன் மச்சான். "நான் இஞ்ச குடியிரிக்கிறதே அவட மனசுதான்."

எல்லாம் மனைவிமாரின், மாமிமாரின் பேரில்; அத்தனை பேரில் ஒருவருக்கும் ஒரு சாண் நிலம் இல்லை. இல்லாத நிலத்தைத்தான் அவ்வளவு ஒற்றுமையாக விட்டுக்கொடுத்திருந்தோம். ரீ.ஓ. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"வெக்கப்படாதீங்க. எங்கட பக்கமும் இதே கூத்துத்தான். நானும் மனிசிர வீட்டிலதான் இருக்கன். போய் அவங்களக் கேட்டுப்போட்டு வாங்க."

பொண்டுகளின் கூட்டம்

கேட்கப் போக வேண்டிய தேவை வரவில்லை. அவர்களே கூடினார்கள். எங்கே? நம் குசினியில்தான். முதல் மாரியிலிருந்தே அவர்கள் கூடிப் பழகிய இடம் அதுதானே?

எனக்கு வெளியே விறகு கொத்துகிற வேலை தரப்பட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்ததால் காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் முகைதீன் மச்சானின் மனைவி பரீதா. அவளுடைய வாய்க்கு ஊரே பயம்.

"நிந்தவூராளுக்கு றோட்டு வேணுமாம் றோட்டு. மாப்புள வாறானா, பஸ் வாறதா?"

சிரிப்பு. அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்த சத்தம்.

"எங்கட ஆம்புளயளப் பாருங்களன்" என்றாள் பரீதா மறுபடியும். "எங்கட வளவ ஸலவாத் ஓதிக் குடுத்திட்டு வந்திரிக்காங்க."

அப்போது ஹாஜறா ராத்தாவின் குரல். அழுகிற குரல் இல்லை, அழுது முடிந்த குரல்.

"நஸீறா, ஒண்ட அடுப்ப இடி எண்டு கேக்க எனக்கு வாய் வராதும்மா. முன்னறையையே வெட்டட்டும். சின்ன ஊடா இரிந்தாலும் பறவால்ல. அவங்க வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்."

"முன்னறைய வெட்டிப்போட்டு மாப்புளைய எங்க ராத்தா இருத்தப்போறீங்க? கூரையிலயா?" என்றாள் பரீதா.

மறுபடியும் சிரிப்பு. உம்மா சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவள் சிரித்தால் கண்ணாடி வளையல் சத்தம் கேட்கும்.

பிறகு அவள்தான் பேசினாள்.

"அந்த உம்மாவச் சிரிக்காதங்க. மகன இஞ்ச விட்டுட்டுப் போகப்போறவள். வந்து பாக்க ஒரு வழி கேக்கிறாள். நாளைக்கு என்ட மகன் தம்பியயும் எங்கயோ ஒரு ஊட்டுக்குக் குடுக்கத்தானே வேணும். அப்ப நானும் கேப்பன்."

அகப்பையைச் சட்டியில் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆனா ஒண்டு" என்றாள். "கொட்டிலில இரிக்கக்குள்ள வரிசையில நிண்டு சோறு வாங்கினன். அப்ப நெனச்சன், ஒரு அடுப்பு கிடச்சா அத உசிர் போற மட்டும் விடப்படா எண்டு. அத இடிக்கலாமா எண்டு ஒருத்தரும் என்னக் கேக்கல்ல, ஆம்புளயள் கட்டைய வெச்சிட்டுப் போயிட்டாங்க. அதான் எனக்குப் பொறுக்கல்ல."

நான் கோடரியைக் கீழே வைத்தேன்.

"விறகு சத்தத்தக் காணல்ல" என்றாள் பரீதா உள்ளிருந்து. "கேட்டது போதும், கொத்துங்க."

அன்றைக்கு ஒரு முடிவும் சொல்லாமல்தான் எல்லோரும் கலைந்தார்கள். அன்று உம்மா ஆணத்துக்கு உப்புப் போட மறந்தாள். நான் அப்படியே தின்று முடித்தேன்.

இடிப்பு

அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது முற்றத்தில் அம்மி இருந்தது. பக்கத்தில் சட்டிகள், சுளகு, தண்ணீர்க் குடம். உம்மா மேசையில் ஏறி நின்று கூரைத் தகரத்தின் ஆணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எறங்கு நஸீறா, நான் செய்யிறன்."

"நீங்க தொடப்படா. ஆம்புளயள் ஒருத்தரும் தொடப்படா. நான் கட்டச் சொன்ன குசினி. நான் இடிக்கிறன்."

முதல் கல்லை அவள்தான் பிடுங்கினாள். சத்தம் கேட்டு ஹாஜறா ராத்தா ஓடி வந்தார். உம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், மேசை ஆடாமலிருக்க. பிறகு பரீதா வந்தாள். பிறகு எல்லோரும். ஒருத்தி கல்லைக் கழற்ற, மற்றவள் வாங்க, அடுத்தவள் அடுக்க. எங்களுக்குச் சுமக்க மட்டும் அனுமதி தந்தார்கள்.

அடுப்புக்கட்டி மட்டும் மிஞ்சியபோது உம்மா கொஞ்ச நேரம் அதன் முன்னால் குந்தியிருந்தாள். சாம்பல் இன்னும் சூடாக இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

அந்தக் கல்லெல்லாம் வரம்பில் மிகவும் தாழ்வான இடத்துக்குப் போனது. அந்த மாமியின் செருப்பைச் சேறு வாங்கிய இடத்துக்கு.

கையெழுத்து வைக்க ஆதம்பாவா காக்காவின் உழவு மிசினில்தான் போனார்கள். பின்னால் ட்றெயிலரில் பாயை விரித்து, குடையும் பிடித்து, எங்கள் குடியிருப்பின் காணிச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பெரிய வீதியால் சபைக்குப் போனதைக் கல்முனையே பார்த்தது. "கலியாணமா தம்பி?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். "ஓம்" என்றேன். பொய் இல்லை.

ஒரு குசினியில் இரண்டு பேர்

நோன்புக்கு முந்தி கிறவல் விழுந்தது. கலியாணமும் நடந்தது. மாப்பிள்ளை வேனில் வந்து வாசலில் இறங்கினார். வேனுக்குப் பின்னால் ஓட்டோ, அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள். தவளைகள் அன்று வாயே திறக்கவில்லை என்று முகைதீன் மச்சான் சத்தியம் செய்வார்.

பாதை வந்த பிறகு எல்லாமே அதன் வழியால் வந்தது. லைட் கம்பி வந்தது, தண்ணீர்க் குழாய் வந்தது, ஐஸ்கிறீம்காரன் வந்தான். நிலத்தின் மதிப்பு ஏறியது. சபையில் பெயர்ப்பலகை எழுதி நட்டார்கள், 'புதுநகர்' என்று. தவளைக் கொலனி என்று சொன்னவர்களே எங்களிடம் வளவு இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள்.

எங்கள் வீட்டில் குசினி மட்டும் இல்லை.

கையில் ஒன்றும் இல்லாத காலம் அது. உம்மா ஹாஜறா ராத்தாவின் குசினியில் சமைத்தாள். முதல் கிழமை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் "நீங்க ஆக்குங்க, நீங்க ஆக்குங்க" என்று உபசரித்தார்கள். இரண்டாவது கிழமை சத்தம் வெளியே வந்தது.

"ராத்தா, புட்டுக்கு இவ்வளவு தண்ணி தெளிச்சா அது புட்டா, களியா?"

"நாப்பது வருசமா இப்புடித்தான் அவிக்கிறன். ஒருத்தரும் சாகல்ல."

புது மாப்பிள்ளை முன்னறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளை என்றால் ஒரு துரும்பையும் தூக்க விடமாட்டோம். விரித்த பாயில் இருத்தி, வட்டிலப்பமும் கோழியும் கொடுத்து, வயிறு முன்னால் வரும்வரை பார்ப்போம். வேலை செய்ய விட்டால் பெண் வீட்டாருக்கு அவமானம்.

ஒரு காலை. சாறனை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு அந்தப் பிள்ளை நம் முற்றத்தில் வந்து நின்றார். கையில் மேசன் கரண்டி. பின்னால் ஒரு சீமெந்து பேக்.

"மாமி, குசினி எங்க கட்டணும்?"

உம்மா திகைத்துப் போனாள். "என்ன மகன் இது, போய் இரிங்க. ஆரும் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"நான் வந்த வழியில ஒங்கட குசினி கிடக்கு மாமி. எங்க கட்டணும் எண்டு மட்டும் சொல்லுங்க."

உம்மா வளவைச் சுற்றிப் பார்த்தாள். பின் பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்தா, அந்த மூலையில. றோட்டுக்கு நல்ல தூரமாக் கட்டுங்க மகன். இன்னொருக்கா பெருப்பிக்க வந்தாங்கெண்டா என்னால இடிக்க ஏலா."

அவருக்குப் போன் திருத்தத்தான் தெரியும். சுவர் எழும்ப எழும்பச் சாய்ந்தது. நூல் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார், நூலும் சாய்ந்தது. புகை போகிற ஓட்டையைக் கச்சான் காற்றுக்கு நேராக வைத்துவிட்டார். அந்தக் காற்று வீசுகிற காலம் முழுக்க புகை வெளியே போகாது, வீட்டுக்குள்தான் வரும். பார்க்க வந்த அவருடைய உம்மா, மகன் முழங்கை வரை சீமெந்தோடு நிற்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் ஒரு வழி கேட்டன்" என்றார். "என்ட புள்ளைய மேசனாக்கிப் போட்டீங்களே."

அப்படிச் சொல்லிக்கொண்டே தானும் ஒரு தாச்சியில் மண்ணை அள்ளிக் கொடுத்தார்.

பெருநாள் சண்டை

மக்காள், போன பெருநாளைக்கு எல்லோரும் சேர்ந்திருந்தீர்கள். தம்பி, நீ கட்டாரிலிருந்து போனில் வந்து ஒரு படம் அனுப்பியிருந்தாய். வெள்ளை மாபிள், சுவரெல்லாம் அலுமாரி, புகையே இல்லாத அடுப்பு. "அந்தக் கோணல் குசினிய இடிங்க வாப்பா, வாறாக்கள் சிரிக்கிறாங்க" என்றாய். மூத்தவளும் சேர்ந்துகொண்டாள். உம்மா ஏலாது என்றாள். ஏன் என்று கேட்டீர்கள், சொல்லவில்லை. நீங்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதினேன்.

நேற்று எழுதி முடித்து உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள். கண்ணில் தண்ணீர், அது வெங்காயமாகவும் இருக்கலாம், புகையாகவும் இருக்கலாம்.

"எல்லாம் சரிதான்" என்றாள். "நான் ஏன் இடிக்க ஏலாண்டு சொன்ன எண்டத எழுதல்லயே."

"ஏன்?"

கத்தியை வைத்தாள்.

"வாப்பா தந்த ஊடு சீதனம். அது தராம எனக்குக் கலியாணம் இல்ல. கொட்டில் நிவாரணம். அது எல்லாருக்கும் குடுத்தது. இந்தக் குசினி ஒண்டுதான், ஆரும் கேக்காம, குடுக்கணும் எண்ட கடமை இல்லாத ஒருத்தர் எனக்குத் தந்தது."

தம்பி, மாபிள் வேண்டாம் மகன்.